நாற்பது நிமிடம் என்று கையெழுத்துப் போட்டேன்

இன்று காலை விழுப்புரம் புதுப் பேருந்து நிலையத்தில் நான் ஓடினேன். வேகமாக நடந்தேன் என்று சொல்லிச் சமாளிக்க முடியாது. ஒரு செருப்பு கழன்று விழ, பக்கத்தில் நின்றிருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். வளவனூர் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் சாக்கடை மூடியைத் திறந்து தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். அழுகின முட்டை நாற்றம் குப்பென்று வந்தது. அவ்வளவுதான் நடந்தது.

"இன்னாம்மா, பாம்பா?" என்று அந்த அம்மா மூச்சு வாங்கக் கேட்டார்.

"இல்லீங்க. நாத்தம்."

"சாக்கடைய தொறந்தா சந்தனமா மணக்கும்? நல்ல பொண்ணும்மா நீ!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு கண்டக்டர் என் செருப்பைக் காலாலேயே தள்ளிக்கொண்டுவந்து கொடுத்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். அப்போது காற்று திரும்பியது போலிருக்கிறது, நாற்றம் சட்டென்று நின்றது. நின்ற பிறகுதான் எனக்கு ஈரக்குலை நடுங்கியது. தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது.

உன் அம்மாவைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு நாலைந்து தடவை போய்விடுகிறேன். நான் கிளம்பும்போது அவர் வாசல் வரைக்கும் வந்து ஒரே கேள்வியைக் கேட்பார். "எம்பொண்ணு அங்க எவ்ளோ நேரம்மா கெடந்தா?" நானும் ஒரே பொய்யைச் சொல்வேன். "ரெண்டு நிமிஷம்மா. ஒடனே தூக்கிட்டோம்." அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவார். இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்திருந்தேன். ராத்திரி சோறு இறங்கவில்லை, காலையில் காபியும் இறங்கவில்லை. அப்படி வெறும் வயிற்றோடு நின்றவள் மூக்கில் போய் அந்த நாற்றம் ஏறினால் ஓடாமல் என்ன செய்வாள், நீயே சொல்.

பஸ்ஸில் சன்னலோரம் கிடைத்தது. எட்டு வருஷம் நீ இதே சாலையில் எதிர்த்திசையில் வந்தாய். வளவனூரிலிருந்து விழுப்புரம், விழுப்புரத்தில் நானும் சேர்ந்துகொள்ள, அங்கிருந்து இருவரும் திண்டிவனம் பஸ். ஆலையில் நீ லேப் கெமிஸ்ட், நான் உற்பத்தியில் ஷிப்ட் இன்ஜினியர். என் படிப்பு உன்னுடையதைவிடப் பெரியது, என் நாற்காலிக்குக் கைப்பிடி இருந்தது. மூளை உனக்குத்தான் பெரியது. அதை ஒருநாளும் உன்னிடம் ஒப்புக்கொண்டதில்லை. ஒப்புக்கொண்டிருந்தால் நீ பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்திருப்பாய்.

அந்தத் தொட்டியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் உன் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மருந்து செய்கிறவர்களுக்கு மூலப்பொருள் கொடுக்கிற ஆலை அம்மா. வேலை முடிந்தபின் மிஞ்சுகிற கழிவுத் தண்ணீரில் சல்பைடு என்று ஒன்று தங்கியிருக்கும். அதோடு பிளீச்சிங் கரைசலைச் சேர்த்து ஒரு தொட்டியில் விடுவோம். ஒரு பக்கம் உள்ளே வந்துகொண்டே இருக்கும், இன்னொரு பக்கம் வெளியே போய்க்கொண்டே இருக்கும், நடுவில் துடுப்பு சுற்றிக் கலக்கிக்கொண்டே இருக்கும். உள்ளே பதினைந்து நிமிடம் இருந்தால் சல்பைடு செத்துவிடும். வெளியே வருகிற தண்ணீர் அடுத்திருக்கும் குழியில் அமிலத்தோடு சேரும். சாகாத சல்பைடு அமிலத்தில் விழுந்தால் வாயுவாகக் கிளம்பும். கொஞ்சமாகக் கிளம்பினால் அழுகின முட்டை நாற்றம். நிறையக் கிளம்பினால் முதலில் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. அதற்கப்புறம் ஆளே விழுந்துவிடுவார்.

புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் நீ அந்தக் குழிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுவாய். "நாத்தம் அடிக்கிற வரிக்கும் பயமில்ல. நாத்தம் நின்னுச்சா, திரும்பிப் பாக்காம ஓடு." 

ஆபரேட்டர்கள் அந்தத் தொட்டிக்கு மாமியார் என்று பேர் வைத்திருந்தார்கள். எப்போது பொங்கும் என்று சொல்ல முடியாதாம். நம் ஷிப்ட் ஆபரேட்டர் ஏழுமலை, மயிலத்துக்காரர், காலையில் ரிப்போர்ட் கொடுக்கும்போதே "மாமியார் இன்னிக்கி அமைதியா கீறாங்க மேடம்" என்பார். நானும் அதையே சிரித்துக்கொண்டு குறித்துக்கொள்வேன்.

உற்பத்தியை மூன்று மடங்காக்க முடிவுசெய்தார்கள். கழிவும் மூன்று மடங்காகும். தொட்டி தாங்குமா என்று கணக்குப் போட வேண்டியது என் வேலை. தொட்டி பத்தாயிரம் லிட்டர். மணிக்குப் பதினைந்தாயிரம் லிட்டர் ஓடப்போகிறது. வகுத்தால் நாற்பது நிமிடம். பதினைந்து போதும் என்கிற இடத்தில் நாற்பது இருக்கிறது, இதற்குமேல் என்ன வேண்டும்? படிவத்தில் எழுதினேன்: "கழிவு தொட்டியில் தங்கும் நேரம் நாற்பது நிமிடம். தேவை பதினைந்து நிமிடம். பாதுகாப்பானது." கீழே கையெழுத்து. லேபிலும் ஒரு கையெழுத்து வேண்டும் என்பதால் உன்னிடம் நீட்டினேன். நீ பேனாவைத் திறந்துவிட்டு மறுபடியும் மூடினாய்.

"கலை, ஒரு வார்த்தய உட்டுட்ட."

"இன்னா வார்த்த?"

"சராசரி."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"தெரிஞ்சதுன்னா எழுதேன். எழுத இன்னா நோவுது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. லேப் வேலையை லேபோடு வைத்துக்கொள் என்று சொன்னேன். உன் கையெழுத்து இல்லாமலே படிவம் மேலே போனது, யாரும் கேட்கவில்லை; மூன்று மடங்கு ஓட்டமும் ஆரம்பித்துவிட்டது. அன்று சாயந்திரம் பஸ்ஸில் நீ எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாய். வழக்கம்போல் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து அவித்த மல்லாட்டையை என் கையில் கொட்டினாய். கோபம் வைத்துக்கொள்ளத் தெரியாத ஜென்மம் நீ.

மறுநாள் காலை பஸ் முண்டியம்பாக்கத்தில் நின்றபோது ஒரு பெரியவர் இறங்கினார். நீ என் தோளைத் தட்டினாய்.

"இந்த பஸ்ல ஒரு ஆளு சராசரியா எவ்ளோ நேரம் இருப்பாங்க, சொல்லு."

"முக்கா மணி நேரம் வச்சிக்கோயேன். இன்னாத்துக்கு?"

"இப்ப எறங்கினாரே அவுரு எவ்ளோ நேரம் இருந்தாரு?"

"கால் மணி நேரம் கூட இல்ல."

"கண்டக்டரு? காலையில அஞ்சு மணியிலேர்ந்து இதுலயேதான் கீறாரு. அவரையும் சேத்து சராசரி போட்டீன்னா நல்லா பெரிசா வரும். அந்த நம்பர எடுத்துக்கினு போயி, பெரியவரும் முக்கா மணி நேரம் பஸ்ஸுலதான் இருந்தாருன்னு கையெழுத்துப் போடுவியா?"

"இன்னாம்மா, என் தல உருளுது அங்க?" என்று கண்டக்டர் திரும்பினார். நீ அவரிடம் ஏதோ சொல்லி அவரையும் சிரிக்க வைத்தாய். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்குகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து பரண்மேலிருந்த பழைய பாடப் புத்தகத்தை எடுத்தேன். எல்லாம் அதில் இருந்தது. கலக்குகிற தொட்டியில் இப்போது நுழைந்த சொட்டு அடுத்த நொடியே வாசலுக்குப் போய்விடலாம், மூன்று மணி நேரம் கழித்தும் போகலாம். வரிசையில் நின்று போவதில்லை. எல்லாம் ஒழுங்காகக் கலந்தால்கூட, நுழைந்த நூறு சொட்டில் அறுபத்து மூன்று சராசரி நேரம் ஆவதற்கு முன்பே வெளியே வந்துவிடும். ரொம்ப நேரம் உள்ளேயே கிடக்கிற மிச்சம்தான் சராசரியைத் தூக்கிக் காட்டுகிறது. நம் தொட்டிக்குப் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு முப்பது சொட்டு பதினைந்து நிமிடம் ஆவதற்குள் வெளியே ஓடிவிடுகிறது. முப்பது! இதே கேள்விக்குத் தேர்வில் நான் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எழுதத் தெரிந்திருந்தது, புரிந்திருக்கவில்லை.

உன்னிடம் சொன்னபோது நீ "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை. "எல்லாம் ஒழுங்கா கலந்தாத்தானே முப்பது? மாமியார் ஒழுங்கா கலக்கறாங்களான்னு யாரு பாத்தது?" என்றாய்.

வியாழக்கிழமை குழாய்களைக் கழுவுகிற நாள், தொட்டியில் கழிவுக்குப் பதில் அதே வேகத்தில் வெறும் தண்ணீர் ஓடும். நீ மரக்காணம் கல்லுப்பு ஐந்து கிலோ வாங்கிக்கொண்டு வந்தாய். ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்து, உள்ளே போகிற குழாயில் ஒரே மூச்சாக ஊற்றிவிட்டு, வெளியே வருகிற தண்ணீரில் உப்பு எப்போது, எவ்வளவு வருகிறது என்று மீட்டர் வைத்து அளப்பதுதான் திட்டம். ஏழுமலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இன்னா மேடம், மாமியாருக்கு உப்பு போட்டு சமைக்கறீங்களா?"

"உப்பு தின்னவங்க தண்ணி குடிச்சுத்தானே ஆவணும் ஏழுமல? யாரு தின்னாங்கன்னு பாத்துடுவோம்" என்றாய்.

நீ ஊற்றினாய். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். முதல் நிமிடம் மீட்டர் அசையவில்லை. இரண்டாவது நிமிடத்தில் எண் குதித்தது. மீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்றேன். நீ எண்ணை எழுதிக்கொண்டாய். நாலாவது நிமிடம் இன்னும் ஏறியது. பிறகு இறங்க ஆரம்பித்தது. பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கடைசி உப்பு கரைந்து வருகிற வரைக்கும் நீ இரண்டு மணி நேரம் எழுதினாய். நீ தமாஷ் பண்ணாமல் அவ்வளவு நேரம் இருந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்கு முதல் பயம்.

ஒவ்வொரு நிமிடத்தையும் அந்த நிமிடத்தில் வந்த உப்பால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த உப்பால் வகுத்தோம். தனித்தனியாகப் போட்டுப் பார்த்தோம். இரண்டு பேருக்கும் இருபத்து நாலு நிமிடம் வந்தது.

"நாப்பது வரணும். பதினாறு நிமிஷம் எங்க போச்சு?" என்றேன்.

"தொட்டியிலதான் கீது. அடியில சேறு ஏறிப்போயிருக்கும். அந்த எடத்துக்கு தண்ணியே போவல. பேப்பர்லதான் பத்தாயிரம் லிட்டர், நெஜத்துல ஆறாயிரம்." பிறகு என் முகத்தைப் பார்த்தாய். "பாதிக்குப் பாதி, சாகாமயே வெளிய வருது கலை."

"அப்ப ஏன் இதுவரிக்கும் ஒண்ணும் ஆவல?"

"கழிவுல சல்பைடு கம்மியா வந்துக்கினு இருந்துது. நம்ம நல்ல நேரம். என்னிக்கி ஜாஸ்தியா வருதோ, அன்னிக்கி தெரியும்."

மேனேஜரிடம் நான்தான் போனேன். நீ வரைந்த தாளை அவர் முழுக்கப் பார்க்கவில்லை. "அஞ்சு கிலோ உப்ப வச்சிக்கினு பிளான்ட்ட நிறுத்தச் சொல்றீங்களாம்மா? திங்கக்கெழம ஷட்டவுன் வருது. தொட்டிய தொறந்து கழுவிக்கலாம். அதுவரிக்கும் நீங்க போட்ட கணக்குதானே இது, நாப்பது நிமிஷம்? உங்க கையெழுத்துதானே?" என்றார். ஆமாம் சார் என்றேன். என் கையெழுத்தை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார். ஆனால் பழியை அவர்மேல் மட்டும் போட எனக்கு நாக்கு எழவில்லை. மேனேஜர் என்ன சொன்னாலும், ஆபத்து என்று தோன்றினால் ஷிப்ட் இன்ஜினியர் கழிவை நிறுத்தலாம். ஒரு வால்வு. கைப்பிடி சிவப்பு நிறம். நீயே அதைச் சொன்னாய்.

"நிறுத்திடு கலை. உனக்கு அதிகாரம் கீது."

"நிறுத்தினா மொத்த லைனும் நின்னுடும். நான் போட்டது தப்புக் கணக்குன்னு ஆயிடும்."

"தப்புதானே?"

"நாலு நாளுடி. திங்கக்கெழம வரிக்கும்தானே."

நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இப்போது எவ்வளவோ தேவலாம். "சரி வுடு. அதுவரிக்கும் மணிக்கொரு தடவ நானே குழியில சாம்பிள் எடுத்துப் பாக்கறேன். ஏறுச்சின்னா ஓடி வந்து சொல்றேன், அப்பவாவது நிறுத்து" என்றாய். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆமாம், நிம்மதியாக இருந்தது. என் பேர் கெடாமல் நாலு நாள் ஓட்டிவிடலாம் என்று இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிச் சுமார். நல்ல வெயில். நான் கன்ட்ரோல் ரூமிலிருந்து வெளியே வந்தபோது நாற்றம் முகத்தில் அறைந்தது. நீ குழிக்கரையில் சாம்பிள் பாட்டிலோடு குனிந்திருந்தாய். உன்னைக் கூப்பிட வாயைத் திறந்தேன். நாற்றம் நின்றுவிட்டது. நீ ஒவ்வொருவருக்கும் சொன்னது எனக்குள் கேட்டது. நீ நிமிர்ந்தாய், என் பக்கம் திரும்பினாய், ஓடப் பார்த்தாய் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு அடி வைத்ததும் முழங்கால் மடிந்து விழுந்தாய்.

நான் பின்னால் ஓடினேன். உன்னிடமிருந்து விலகி ஓடி, காற்று எதிர்ப்பக்கம் போகிற இடத்தில் நின்று அலாரத்தை அழுத்தினேன். விதி அதுதான். மூச்சுக்கருவி இல்லாமல் உள்ளே போகிறவன் இரண்டாவது பிணம் என்று நாமே ஆபரேட்டர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறோம். ஏழுமலை என்னைத் தாண்டி உன்னிடம் பாய்ந்தார். அவர் சட்டையையும் பெல்ட்டையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கினேன். இருவரும் விழுந்தோம். அப்போதும் விடவில்லை. மூச்சுக்கருவி கேட் பக்கத்து அறையில் பூட்டியிருந்தது. சாவி வர வேண்டும், முதல் சிலிண்டர் காலி, இரண்டாவதை மாட்ட வேண்டும்.

மூன்றாவது நிமிடத்தில் உன் வலது கை அசைந்தது. காற்றில் துப்பட்டா ஆடியிருக்கும் என்று ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஏழுமலையும் பார்த்தார். "மேடம், கை ஆடுது மேடம்! உடுங்க மேடம், உங்க கால்ல வுழறேன்!" என்று கதறினார். நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவர் என் மணிக்கட்டைக் கடித்தார். அலாரம் அடித்த நேரமும் உன்னை வெளியே கொண்டுவந்த நேரமும் பதிவேட்டில் இருக்கின்றன. இடையில் பதினோரு நிமிடம். எந்தச் சராசரியும் இல்லாத, உன் ஒருத்தியின் பதினோரு நிமிடம்.

விசாரணையில் என் படிவத்தையும் உன் உப்புத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். தாளை நான்தான் கொடுத்தேன். மேனேஜருக்கும் வேலை போனது, எனக்கும் போனது. அதிகாரிகளுக்குத் தெரியும், என் வீட்டுக்குத் தெரியும். உன் அம்மாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவரிடம் எல்லோரும் "விபத்து" என்ற ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். இப்போது புதுச்சேரிப் பக்கம் வேறொரு ஆலையில் இருக்கிறேன். எந்தத் தொட்டிக்குக் கணக்குப் போட்டாலும் "சராசரி" என்ற வார்த்தையைத்தான் முதலில் எழுதுகிறேன். அதற்குக் கீழே முதல் உப்பு எந்த நிமிடம் வெளியே வந்தது என்று எழுதுகிறேன். எனக்கு உப்பு மேடம் என்று பேர். அவர்களுக்கு அது தமாஷ்.

உன் அம்மா வாசற்படிக்கு உள்ளே முறத்தை வைத்துக்கொண்டு விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். "வாம்மா கலை. இன்னாம்மா மூஞ்சி இப்பிடி கீது, வெயிலா?" என்று தண்ணீர் கொடுத்தார். செம்பை வைப்பதற்குள் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் இந்தத் தடவையும் ஓடிவிடுவேன் என்று தெரியும்.

"அம்மா, ரெண்டு நிமிஷம் இல்லம்மா. பதினோரு நிமிஷம்."

அவர் கை நிற்கவில்லை. இரண்டு காய் உரித்தார்.

"மொத நிமிஷத்துலேர்ந்து சொல்லு" என்றார்.

சொன்னேன். அலாரத்தைச் சொன்னேன், ஏழுமலையைப் பிடித்ததைச் சொன்னேன், சாவியைச் சொன்னேன். மூன்றாவது நிமிடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கை அசஞ்சுதா?" என்றார் உன் அம்மா.

எனக்கு உயிரே போய்விட்டது.

"ஏழுமல அடக்கம் முடிஞ்ச மறாநாளே வந்து சொல்லிட்டுப் போச்சும்மா. மேடம் என்ன உடல, உட்டிருந்தா என் புள்ளைங்க இன்னிக்கி அநாதன்னு அந்த எடத்துல உக்காந்து அழுதுச்சு."

"அப்ப ஏம்மா ஒவ்வொரு வாட்டியும் என்னக் கேட்டீங்க?"

"நீயா சொல்லுவன்னுதான். உன் மேல எனக்கு கோவம் இல்லம்மா. நீ அவன காப்பாத்தின. எம்பொண்ணா இருந்தாலும் அததான் செஞ்சிருப்பா." முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு என் தலைமேல் கை வைத்தார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். உன் அம்மா மன்னித்துவிட்டார், அழுதுவிட்டு, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, சாயந்திர பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். ஆனால் அவர் மன்னித்தது என்னுடைய தப்பை அல்ல. அந்தப் பதினோரு நிமிடத்தில் நான் செய்தது சரிதான், அது எனக்கே தெரியும். தப்பு வியாழக்கிழமையே நடந்துவிட்டது. என் தலைமேல் அவர் கை இருக்கும்போதே சொன்னேன். படிவத்தை, வகுத்த கணக்கை, உப்பை, நீ நிறுத்து என்றதை, சிவப்புக் கைப்பிடியை, நாலு நாள்தானே என்று நான் சொன்னதை, ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். இழுத்துக்கொள்ளவில்லை, மெதுவாகத்தான் எடுத்தார்.

"நீ நிறுத்தலன்னு அவளுக்குத் தெரியும்?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா அங்க போனா?"

"மணிக்கொரு தடவ போனாம்மா. ரெண்டு நாளா."

"உன்ன நம்பியா?"

உள்ளே சுவரில் உன் படம் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்கவில்லை.

உன் அம்மா முறத்தை மறுபடியும் மடிக்கு இழுத்தார். ஒரு காயை எடுத்தார், உரிக்காமல் விரலில் வைத்துக்கொண்டிருந்தார். "போயிட்டு அப்பறமா வா" என்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வாசல் வரைக்கும் வரவில்லை.

வராதே என்று அவர் சொல்லவில்லை. அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு நாள் கழித்து வர வேண்டும் என்று திரும்பிப் போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எந்தத் தொட்டிக்கும் நேரம் கணக்குப் போடத் தெரிந்தவள், இதற்கு எவ்வளவு என்று தெரியாமல், உன் வீட்டுத் தெருமுனையில் பஸ் இரண்டு வந்து போகிற வரைக்கும் ஏறாமல் நின்றுகொண்டிருந்தேன்.